பழி கேட்கும் பேயும் பசித்த பேயும்

ரத்தம் குடிக்கும் பிணத்தைப் பற்றிய நாவலை ஒருவர் காசு கொடுத்து வாங்குகிறார். ராத்திரி கதவைத் தாழிட்டுக்கொண்டு படிக்கிறார். பயந்து நடுங்கினாலும் பாதியில் மூடி வைப்பதில்லை. ஏன்? பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ 1897-ல் வெளிவந்ததிலிருந்து இந்தக் கேள்விக்கு விமர்சகர்கள் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். சாவை வெல்லும் ஆசை என்பார் ஒருவர். அடக்கி வைத்த காமம் என்பார் இன்னொருவர். தொற்றுநோய் பயம், அந்நியர் மீதான பயம், உழைப்பை உறிஞ்சும் முதலாளி என்று பதில்கள் நீளும். எல்லாமே ஐரோப்பிய மண்ணில் வைத்துச் சொன்னவை. அவற்றை நீலகிரிக்குக் கொண்டுவந்து உரசிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ரத்தக் காட்டேரிக் கதைக்கும் இந்த மலைக்கும் பலரும் நினைப்பதைவிட நெருங்கிய உறவு இருக்கிறது.

எல்லோரும் முதலில் சொல்லும் பதில், சூழல். மூடுபனி, பழைய பங்களா, கல்லறைத் தோட்டம். அந்தக் கணக்கில் உதகைக்கு எந்தக் குறையும் கிடையாது. 1829-ல் அடிக்கல் நாட்டிய புனித ஸ்டீபன் ஆலயத்துக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்து உத்தரங்களை மலையேற்றினார்கள். அதன் கல்லறைத் தோட்டத்தில், உதகையை உருவாக்கிய ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அடக்கமாகியிருக்கிறார்கள். 2002-ல் வந்த ‘ராஸ்’ இந்திப் படம் தன் பேயை ஊட்டிக்குத்தான் கொண்டுவந்தது. ஆனால் சூழல் என்பது வாசலோடு நின்றுவிடும். பனியும் பங்களாவும் வாசகரை முதல் அத்தியாயம் வரை கூட்டிவரும். இருபதாவது அத்தியாயம் வரை உட்காரவைப்பது வேறு ஏதோ ஒன்று.

அதைத் தேட ரிச்சர்ட் பர்ட்டனிடமிருந்து தொடங்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த பர்ட்டன், நோய் விடுப்பில் 1847-ல் உதகைக்கு வந்தபோது வயது 26. கோவா, மலபார் வழியாக வந்து, குன்னூர் கணவாய் ஏறி, சில மாதங்கள் இங்கே தங்கினார். ஊர் அவருக்குப் பிடிக்கவில்லை. வெள்ளைக்காரர்களின் விருந்துகளும் வம்புப் பேச்சும் சலிப்பூட்டின. மலைப் பழங்குடியான தோடர்களைக் கவனிப்பதில் நேரத்தைச் செலவிட்டார். அந்தப் பயணத்தைப் பற்றி ‘கோவாவும் நீல மலைகளும்’ என்ற நூலை 1851-ல் வெளியிட்டார். அதே மனிதர் 1870-ல் நம் விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளில் சிலவற்றை ஆங்கிலத்தில் விரித்து எழுதி, ‘விக்ரமும் வேம்பயரும்’ என்று தலைப்பிட்டார்.

1870-களின் கடைசியில் லண்டன் நாடக உலகில் நடிகர் ஹென்றி இர்விங்கின் மேலாளராக இருந்தவர் பிராம் ஸ்டோக்கர். இர்விங்கின் விருந்துகளில் பர்ட்டனைச் சந்தித்தார். 1906-ல் எழுதிய இர்விங் நினைவுக் குறிப்புகளில் பர்ட்டனுக்கென்று தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறார். பேசும்போது பர்ட்டனின் மேலுதடு உயரும், கோரைப்பல் முழுதாகத் தெரியும் என்று மறக்காமல் எழுதியிருக்கிறார். பர்ட்டனைப் பார்த்துத்தான் டிராகுலாவைப் படைத்தார் என்று சொல்லிவிட முடியாது. ஸ்டோக்கர் பல ஆண்டுகள் குறிப்பெடுத்தவர். எமிலி ஜெரார்ட் 1885-ல் டிரான்சில்வேனிய நம்பிக்கைகளைப் பற்றி எழுதிய கட்டுரையும் அவருடைய ஆதாரங்களில் ஒன்று. என்றாலும், வேதாளத்தை லண்டனுக்குக் கொண்டுபோனவரின் பல் டிராகுலாவின் ஆசிரியருக்கு நினைவில் நின்றது என்பது எழுத்தில் இருக்கும் செய்தி.

பர்ட்டனுக்கு முன்பே தமிழ் வேதாளம் லண்டனில் இறங்கியிருந்தது என்பதைத் தமிழர்கள் அறிந்திருக்க வேண்டும். சென்னையில் கம்பெனி உத்தியோகம் பார்த்த பெஞ்சமின் கை பாபிங்டன், தமிழ் ‘வேதாள கதை’யை மொழிபெயர்த்து 1831-ல் லண்டனில் வெளியிட்டார். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவரும் இவரே.

வேதாளம் ரத்தம் குடிப்பதில்லை. முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்கும்; பிணத்துக்குள் புகுந்துகொண்டு கதை சொல்லும்; முடிவில் ஒரு வழக்கை வைத்து, யார் பக்கம் நியாயம் என்று கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் ராஜாவின் தலை சுக்குநூறாகும். அம்புலிமாமாவில் தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகள் படித்த அந்தப் பிணம் கேட்டதெல்லாம் தீர்ப்பு.

நம் மற்றப் பேய்களையும் இந்த இடத்தில் வரிசையாக நிறுத்திப் பார்க்கலாம். பழையனூர் நீலி தன்னைக் கொன்ற கணவனை மறுபிறவியிலும் துரத்திப் பழிதீர்க்கிறாள்; அவள் பேச்சை நம்பி வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர்களும் வாக்குத் தவறாமல் தீயில் இறங்குகிறார்கள். நாகர்கோவில் பக்கத்துக் கள்ளியங்காட்டு நீலியும் வஞ்சிக்கப்பட்டவள். சினிமாவுக்கு வந்தால் ‘சந்திரமுகி’ (2005) காதலனைக் கொன்ற வேட்டையனைத் தேடுகிறாள். ‘காஞ்சனா’ (2011) நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கையின் கணக்குத் தீர்ப்பு. நம் பேய் எதையோ இழந்து வருகிறது. அது கேட்பதைக் கொடுத்தால், அதாவது கொன்றவன் செத்தால், போய்விடுகிறது. பார்க்கிறவர்களும் கடைசியில் பேய் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். இது நம் கதை மரபின் பெருமை என்றே நினைக்கிறேன். ஊர்ப் பஞ்சாயத்திலும் கோர்ட்டிலும் கிடைக்காத நீதியைச் செத்துப்போன பெண்ணுக்காவது கொடுத்துவிட வேண்டும் என்ற கருணை அதில் இருக்கிறது.

காட்டேரி மட்டும் கொஞ்சம் வேறு. அதற்கு ரத்தம் வேண்டும்; கர்ப்பிணிகளையும் சிசுவையும் தொடும் என்ற பயம் தமிழ்நாடு முழுக்க உண்டு. ஆனால் அதற்கும் நம் மக்கள் ஒரு வழி கண்டார்கள். கோயிலுக்கு வெளியே இடம் கொடுத்து, பலி கொடுத்து, படையல் போட்டு, காவல் தெய்வமாக்கினார்கள். கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி கயானாவுக்குப் போனவர்கள் காட்டேரி அம்மனையும் கூடவே கொண்டுபோனார்கள். அங்கே இன்றும் பூசை நடக்கிறது. பசித்ததற்குச் சோறு போட்டால் அது நம்மைக் காக்கும் என்பது ஒரு உடன்படிக்கை.

டிராகுலா வகை நாவலில் இந்த இரண்டுமே கிடையாது. கோமகன் டிராகுலாவுக்கு யார் மீதும் பழி இல்லை. அவனுக்கு இரையாகும் லூசி அவனுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவனுக்குப் பசி, அவ்வளவுதான். படையல் போட்டுத் திருப்பி அனுப்பவும் முடியாது. போதாததற்கு, கடிபட்டவரும் கடிக்கத் தொடங்குவார். நேற்றுவரை பக்கத்தில் படுத்தவள் இன்று அவள் இல்லை. தமிழ் வாசகரை இந்த நாவல்கள் இழுப்பதற்கு முதல் காரணமாக நான் சொல்வது இதைத்தான்: நம் மரபு சமாதானம் செய்து அனுப்பிவிட்ட ஒரு பயத்தை, சமாதானத்துக்கு வழியே இல்லாமல் இவை நம் முன் கொண்டுவந்து நிறுத்துகின்றன. வாழ்க்கையில் வரும் பயங்களில் பாதி அப்படிப்பட்டவை. நோய் யார் செய்த தவறையும் பார்த்து வருவதில்லை.

நோய் என்ற பதிலை நீலகிரியைப்போல் உரசிப் பார்க்கத் தகுந்த இடம் வேறில்லை. ‘டிராகுலா’ வெளியான அதே 1897-ல், ஆகஸ்ட் 20 அன்று, செகந்திராபாத்தில் ரொனால்ட் ரோஸ் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதற்குமுன் அவர் வேட்டையாடிய இடங்களில் ஒன்று உதகைக்குக் கீழே, சிகூர் மலைச்சரிவு. அங்கேதான் சிறகில் புள்ளியுள்ள கொசுவை முதலில் கவனித்தார். மலேரியா வந்து படுத்ததும் அங்கேதான். லண்டனில் வாசகர்கள் ரத்தம் குடிக்கும் கோமகனைப் படித்து நடுங்கிய ஆண்டிலேயே, உண்மையில் ரத்தம் குடித்து உலகத்தைக் கொன்றுகொண்டிருந்த உயிர் பிடிபட்டது. ரத்தம் குடிக்கும் வௌவால்கூட அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு; இந்தக் கொசு நம் வீட்டில் இருந்தது.

சிகூரைவிட அழுத்தமான சாட்சி குன்னூர். 1902-ல் லில்லி பேக்கன்ஹாம்-வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் வெறிநாய்க்கடி நோயில் இறந்தார். அப்போது தென்னிந்தியாவில் அதற்குச் சிகிச்சை கிடையாது. சிகிச்சை நிலையம் இருந்தது இமயமலைச் சாரலில், கசௌலியில். அந்தச் சாவுக்குப் பிறகு, அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸின் நன்கொடையோடு குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-ல் திறக்கப்பட்டது. தொப்புளைச் சுற்றி பதினான்கு ஊசி என்று நம் அம்மாக்கள் சொல்லிப் பயமுறுத்தியது இங்கேயெல்லாம் தயாரான பழைய வகைத் தடுப்பூசியைத்தான். ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து செய்த மருந்து அது. பின்னால் குன்னூரும் செல் வளர்ப்பு முறைக்கு மாறியது.

வெறிநோயின் குறிகளைக் கவனியுங்கள். கடித்த வாயின் எச்சிலிலிருந்து நோய் ஏறுகிறது. காயம் ஆறிவிடுகிறது, வாரங்கள், சிலருக்கு மாதங்கள் போகின்றன, எல்லாம் சரியாகிவிட்டது என்று வீடு நம்பத் தொடங்கும்போது நோய் தலைகாட்டுகிறது. தூக்கம் போகிறது. தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகுகிறது. வெளிச்சம், காற்று, வாசனை எதுவும் தாங்காது. நடுநடுவே வெறி, நடுநடுவே தெளிவு, அந்தத் தெளிவில் நோயாளிக்குத் தன் நிலை தெரியும். குறி தெரிந்த பிறகு ஏறத்தாழ யாரும் பிழைப்பதில்லை. ஸ்பெயின் நரம்பியல் மருத்துவர் ஹுவான் கோமெஸ் அலோன்சோ 1998-ல், 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் ரத்தக் காட்டேரிப் பீதிக்கும் அப்போது ஹங்கேரியில் பரவிய வெறிநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதினார். புதைத்த பிணம் ஊதுவதையும் வாயோரம் ரத்தம் கசிவதையும் தப்பாகப் புரிந்துகொண்டதே மூலம் என்றார் பால் பார்பர், 1988-ல். இரண்டும் நம்பிக்கை எப்படி முளைத்தது என்று சொல்கின்றன. தடுப்பூசி வந்த பிறகும் நாவல் ஏன் விற்கிறது என்பதற்கு அவற்றில் பதில் இல்லை.

அந்தப் பதில் ‘டிராகுலா’வின் கட்டமைப்பில் இருக்கிறது. அந்த நாவல் முழுவதும் டைரி, கடிதம், தந்தி, ஒலிப்பதிவு, பத்திரிகைச் செய்தி. மினா என்ற பெண் எல்லாவற்றையும் டைப் அடித்து, தேதிவாரியாக அடுக்குகிறாள். அடுக்கி முடித்தபோது எதிரி எங்கே இருக்கிறான், எப்படி நகர்கிறான் என்பது தெரிகிறது. ரோஸ் கொசுவை அறுத்துப் பார்த்ததும் இதே வேலைதான். காரணம் தெரியாத சாவுகளைப் பொறுமையாகக் கோத்து, ஒரு காரணத்தைப் பிடிப்பது. இடையில் லூசிக்கு நான்கு ஆண்களின் ரத்தத்தை ஏற்றுகிறார்கள். பயம், பயத்தை ஆராயும் கூட்டு முயற்சி இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதால்தான் இந்த வகை நாவல் கையை விட்டு இறங்குவதில்லை. வரலாற்று ஆசிரியராக இருந்து நாவலாசிரியரான கோட்டயம் புஷ்பநாத் இந்த நுட்பத்தைத் தெரிந்துவைத்திருந்தார். டிராகுலாவையும் துப்பறியும் நிபுணரையும் மலையாளத்தில் ஒரே கதைக்குள் கொண்டுவந்தார். தமிழில் வந்தபோது இங்கும் அவருக்குப் பெரிய வாசகர் கூட்டம் சேர்ந்தது.

ஆன் ரைஸ் 1976-ல் வேறு கதவைத் திறந்தார். அவருடைய மகள் 1972-ல், ஆறு வயது நிறைவதற்குள், ரத்தப் புற்றுநோயில் இறந்தாள். பிறகு அவர் எழுதிய ‘வேம்பயருடன் ஒரு நேர்காணல்’ நாவலில் என்றென்றைக்கும் சிறுமியாகவே இருக்கும் ரத்தக் காட்டேரி ஒருத்தி வருகிறாள். சாவை வெல்லும் ஆசை என்ற பதிலை நான் ஏற்பது இந்த ஒரு நாவலுக்காகத்தான். இளைஞர்கள் கொண்டாடிய ‘டுவைலைட்’ (2005) வரிசை ரத்தப் பசியைக் காதலுக்காக அடக்கிக் காட்டியது. அடங்கிவிட்ட பசியில் எனக்குப் பயமும் இல்லை, ஈர்ப்பும் இல்லை.

அந்நியர் பயம் என்ற பதில் நீலகிரியில் தலைகீழாகிறது. ‘டிராகுலா’வில் கிழக்கிலிருந்து ஒரு பிரபு வந்து லண்டனில் வீடு வாங்கி, அந்த ஊர் ரத்தத்தைக் குடிக்கிறான். பேரரசு தான் செய்தது தன்மீதே திரும்பும் என்று அஞ்சியது என்பது ஸ்டீவன் அராட்டா 1990-ல் முன்வைத்த வாதம். பேரரசு செய்தது என்ன என்று பார்க்க இந்த மலைக்கு வந்தால் போதும். ஆங்கில உரைநடையின் முதல் வேம்பயர் கதையாகச் சொல்லப்படும் போலிடோரியின் கதை வெளிவந்த 1819-ல்தான் சல்லிவன் கோத்தகிரிக்கு ஏறினார். தோடர் நிலம் ஏக்கர் ஒரு ரூபாய்க்குக் கைமாறியது. அந்த நூற்றாண்டின் நடுவில் சீனக் கைதிகளை நடுவட்டத்தில் அடைத்துவைத்து சின்கோனா, தேயிலைத் தோட்ட வேலைகளில் இறக்கினார்கள். லண்டன்காரர்கள் கற்பனையில் பயந்தது இங்கே பத்திரம் எழுதி நடந்தது.

உழைப்பை உறிஞ்சுபவன் என்ற பதிலுக்கும் தேயிலைத் தோட்டமே உரைகல். மழைக்காலத்தில் கூடலூர்ப் பக்கம் கொழுந்து பறிக்கிறவர்களைக் கேளுங்கள். அட்டை கடிக்கும்போது வலிக்காது. ரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளை அது உள்ளே விடுகிறது. வயிறு நிறைந்ததும் தானாக உதிர்ந்துவிடும். கணுக்கால் பக்கம் ஈரம் படும்போதுதான் தெரியும். அட்டை போன பிறகும் ரத்தம் நிற்காது. உப்பு, புகையிலை, சுண்ணாம்பு என்று ஆளுக்கொரு கைமருந்து உண்டு. ஆள் சேர்த்துவந்த கங்காணியின் முன்பணக் கணக்குக்கு அப்படி மருந்து இருந்ததில்லை. தோட்ட மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969-ல் ‘ரெட் டீ’ நாவலில் ஆனைமலைத் தோட்டங்களின் அந்தக் கணக்கை எழுதினார்: வாங்கிய முன்பணம் எத்தனை வருஷம் உழைத்தாலும் தீராது, மலேரியா ஆளைத் தின்னும், ஊருக்குத் திரும்ப விடமாட்டார்கள். இரா. முருகவேள் தமிழில் ‘எரியும் பனிக்காடு’ என்று மொழிபெயர்த்தார். பாலாவின் ‘பரதேசி’ (2013) அதிலிருந்து பிறந்தது. மூலதனம் உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் செத்த உழைப்பு என்று மார்க்ஸ் 1867-லேயே வேம்பயரை உவமையாக்கியதை இந்த நாவலோடு சேர்த்துப் படித்தால் நெஞ்சில் தைக்கும். 1964-ன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்து, அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கூடலூரிலும் குன்னூரிலும் படிக்கிறார்கள். அவர்கள் குடும்பங்களில் ரத்தமும் தேயிலையும் கலந்த நினைவு இரண்டு நாட்டுக்கு உரியது.

இந்த ஈர்ப்பின் இருண்ட பக்கத்தையும் இதே மலை பார்த்திருக்கிறது. பழைய நாளில் இந்த மலையில் விவசாயம் செய்த படகர்களின் ஊர்கள் ஒவ்வொன்றும், காட்டில் வாழ்ந்த குறும்பர் பழங்குடியில் ஒருவருக்குத் தானியம் கொடுத்து, விதைப்புச் சடங்குக்கும் காவலுக்கும் வைத்திருந்தன. ஊரில் காரணம் தெரியாமல் அடுத்தடுத்துச் சாவு விழுந்தால், சூனியம் வைத்தான் என்று அதே குறும்பர் மீது பழி விழும். 1835-ல் பல குறும்பர்கள் கொல்லப்பட்டார்கள். 1900-ல் ஒரு குறும்பர் குடும்பமே கொல்லப்பட்டது. ஆங்கிலேய அதிகாரிகளின் நூல்களில் இவை பதிவாகியிருக்கின்றன. படகர் ஊர்களில் செத்தவர்களைக் கொன்றது பெரும்பாலும் அம்மையாகவோ காய்ச்சலாகவோதான் இருந்திருக்கும். முகமில்லாத பசிக்குப் பக்கத்துக் காட்டில் வாழ்ந்த ஏழையின் முகத்தை மாட்டிவிட்டார்கள்.

நாவல் செய்யும் நன்மையை நான் இங்கேதான் காண்கிறேன். காரணமில்லாத சாவின் பயத்தை அது ஒரு கோட்டைக்குள், ஒரு கற்பனைப் பெயருக்குள் அடைத்துவைக்கிறது. முழுப் பயத்தையும் அனுபவித்துவிட்டு, யாரையும் அடிக்கப் போகாமல் படுத்துத் தூங்கலாம். எல்லா நாவலும் இதைச் செய்வதில்லை. வில்லனுக்கு ஒரு பழங்குடிப் பெயரையும் உடுக்கையையும் கொடுத்துவிடும் மலைக்காட்டுத் திகில் கதைகள் நம் மாத நாவல்களிலும் சினிமாவிலும் ஏராளம். அவை அந்தப் பழைய கொலைகளின் தர்க்கத்தையே திரும்பச் சொல்கின்றன. அவற்றை எழுதியவர்கள் வெட்கப்பட வேண்டும்.

தமிழில் இந்தப் பசியைப் பழியாக மாற்றாமல் எழுதியவர் புதுமைப்பித்தன். ‘செவ்வாய் தோஷம்’ கதையில் ரத்தக் காட்டேரி நம்பிக்கையை நேரடியாகவே எடுத்துக்கொண்டார். 1943-ல் வந்த ‘காஞ்சனை’ அதையும் தாண்டியது. பிச்சைக்கு வந்தவளை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். ராத்திரியில் பிண வாடை. மனைவியின் கழுத்தில் ஒரு சின்ன ரத்தப் பொட்டு. அவள் யார், எதற்கு வந்தாள், என்ன அநியாயம் நடந்தது என்று கடைசிவரை சொல்வதில்லை. சொல்லாததால்தான் எண்பது ஆண்டுகளாக அந்தக் கதை யாரையும் தூங்கவிடவில்லை. அதற்குப் பிறகு நம் திகில் எழுத்து பெரும்பாலும் பழிவாங்கலின் பாதுகாப்பான வீட்டுக்கே திரும்பிவிட்டது.

ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ (1963) படகர் வாழ்வைத் தமிழுக்குக் கொடுத்தது. அதே மலையின் பயங்களைக் கொடுக்கும் நாவலை தோட்டத்து லைன் வீட்டிலும் படகர் ஊரான ஹட்டியிலும் குறும்பர் குடியிருப்பிலும் வளர்ந்தவர்கள் எழுத வேண்டும். வெளியூரிலிருந்து பனியைப் பார்க்க வருகிறவர்களால் அது முடியாது. அதுவரை, இந்த வகையைப் படிக்கத் தொடங்கும் தமிழ் வாசகருக்கு ஒரு வார்த்தை: முதலில் ‘காஞ்சனை’, அடுத்து ‘எரியும் பனிக்காடு’, மூன்றாவதாக ‘டிராகுலா’. இந்த வரிசையில் படியுங்கள்.